பள்ளக்காலுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பள்ளக்காலே,

உனக்கு இந்தப் பெயரை வைத்தது நான்தான். வெர்மான்ட் மாநிலத்தின் ஆடிசன் கவுண்டியில், சாம்ப்ளெய்ன் ஏரிக்குக் கிழக்கே கிடக்கிற உன்னை அந்தப் பண்ணையில் எல்லோரும் ‘லோயர் மெடோ’ என்றுதான் சொன்னார்கள். மன்னார்குடிப் பக்கம் வளர்ந்த எனக்கு, மேட்டிலிருந்து வழிகிற தண்ணீரெல்லாம் வந்து தங்கும் தாழ்ந்த நிலம் என்றால் அது பள்ளக்கால். பதினோரு வருடம் உன் வேலியோரத்து வாடகை வீட்டில் குடியிருந்தேன். புல் அறுக்கும் காலத்தில் பண்ணைக்காரப் பெரியவருக்குக் கூடமாட ஒத்தாசைக்கு வந்தேன். இப்போது அந்த வீட்டில் நான் இல்லை. பெரியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உன்னிடம் சொல்லாமல் விட்டது மட்டும் என்னோடு வந்துவிட்டது.

பள்ளக்காலே, உன்னை முதன்முதலில் நான் பார்த்தது ஏப்ரல் கடைசியில். பனி உருகி முடிந்திருந்தது. அந்த ஊரில் அதைச் சேற்றுக் காலம் என்று ஒரு தனிப் பருவமாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள். மேட்டு வயல்களில் புல் விரற்கடை உயரம் வந்துவிட்டிருந்தது. நீயோ வானத்தைப் பிரதிபலித்துக்கொண்டு கிடந்தாய். உன்மேல் வாத்துகள் நீந்தின. ‘இதில் என்ன விளையும்?’ என்று கேட்டேன். பெரியவர் சிரிக்கவில்லை. ‘ஜூலையில் வந்து பார்’ என்றார். உன்னைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அது உன் வார்த்தையும்தான் என்று பிற்பாடு புரிந்தது.

பள்ளக்காலே, உன் மண் கடலின் மண் என்று நீ எனக்குத் தெரியவைத்தாய். வேலிக் கம்பம் நடக் குழி தோண்டிய நாளில், ஒரு முழ ஆழத்துக்குக் கீழே மண்வெட்டியில் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுப்பாக நீலச்சாம்பல் களி வந்தது. ஒரு கல் இல்லை, ஒரு மணல் துகள் இல்லை. பனிப்பாறைகள் பின்வாங்கியபோது இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் பெரிய ஏரி நின்றது. பிறகு அட்லாண்டிக் கடல் உள்ளே புகுந்து, ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி மூவாயிரம் ஆண்டு போல இங்கே தங்கியிருந்தது. அலையடங்கிய ஆழத்தில் மெல்ல மெல்லப் படிந்த நுண்மண்தான் நீ. 1849-இல் உனக்கு வடக்கே ஷார்லட் என்ற ஊரில் ரயில் பாதைக்கு மண் வெட்டியவர்கள், பத்தடி ஆழத்தில் இதே களிக்குள் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். வெள்ளைத் திமிங்கிலம், பெலூகா. கடலே இல்லாத மாநிலத்தில் திமிங்கிலம்! உன்மேல் தண்ணீர் நின்றால் சலித்துக்கொள்பவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் உன்னிடத்துக்கு வந்து தங்கவில்லை. தன் பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

பள்ளக்காலே, மண்ணைப் படிக்கக் கற்றுக் கொடுத்தவன் நீ. அந்தக் குழியின் சுவரில் சாம்பல் நிறத்துக்கு நடுவே துருப்பிடித்த ஆணியை அழுத்தி எடுத்ததுபோலச் செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தன. நீர் நின்று காற்று அற்றுப்போன இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு கரைந்து வெளியேறி மண் வெளிறும். வேர் போன வழியே கொஞ்சம் காற்று நுழைந்த இடத்தில் அதே இரும்பு துருவாகப் படியும். வருடத்தில் எத்தனை மாதம் எதுவரை தண்ணீர் நிற்கிறது என்பதை நீயே உன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறாய். மண் வரைபடக்காரர்கள் உன் சாதி மண்ணுக்குக் கோவிங்டன் என்று பெயர் கொடுத்து, ‘வடிகால் குறைந்தது’ என்று குறித்திருக்கிறார்கள். குறை சொல்லும் சொல் அது. நான் இத்தனை வருடம் உன்னோடு இருந்து சொல்கிறேன்: நீ குறைந்தவன் இல்லை, தாமதமானவன்.

பள்ளக்காலே, ‘பதம்’ என்ற சொல்லின் முழு அர்த்தத்தை எனக்குக் கொடுத்தாய். ஊரில் அப்பா புழுதி உழவுக்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்ப்பார். பாகுக்குப் பதம் பார்க்கும் அம்மாவின் விரல்களையும் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் பதம் என்பது எவ்வளவு பெரிய கணக்கு என்று உன்மேல் நின்றபோதுதான் புரிந்தது. இங்கே மாட்டுக்குப் போடுவது நம் ஊர் வைக்கோல் இல்லை. வைக்கோல், மணி உதிர்ந்த பிறகு மிஞ்சும் தாள். இது பூக்கும் பருவத்துப் புல்லை உயிர்ச்சத்தோடு அறுத்து வெயிலில் உலர்த்திச் சேர்ப்பது. அறுக்கும்போது புல்லில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். கட்டும்போது அது பதினைந்து, பதினெட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஒரு டன் உலர்புல் வேண்டுமானால், மூன்று டன் அளவுக்குத் தண்ணீரை வெயிலும் காற்றும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மழையில்லாத மூன்று நாள் தேவை. ஈர வசந்தத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வானம் வெளுப்பதே அபூர்வம். உன்மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே சூரியன் உலர்த்த உலர்த்த, கீழிருந்து நீ மூச்சு விட்டு நனைப்பாய். மேட்டு வயலில் மூன்று நாளில் கலகலவென்று சத்தம் போடும் புல், உன்மேல் மேற்பக்கம் மொறுமொறுப்பும் அடிப்பக்கம் ஈரத்துணியுமாகக் கிடக்கும். பெரியவர் ஒரு கைப்பிடியை எடுத்துத் துணி பிழிவதுபோல முறுக்குவார். காம்பில் ஈரம் கசிந்தால் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். மறுபடி கிளறி விடும் வேலை எனக்கு.

பள்ளக்காலே, உனக்கு நான் செய்த தீங்கை நீ மறந்திருக்கமாட்டாய். நானும் மறக்கவில்லை. 2019 வசந்தம் மழையோடு வந்து மழையோடு போனது. ஜூன் முடியும் தறுவாயில் ஒருவழியாக நாலு நாள் வெயில் அடித்தது. புல் கதிர் வைத்து முற்றிக்கொண்டிருந்தது. கதிர் விட்ட பிறகு ஒவ்வொரு நாளும் புல்லின் செரிமானத்தன்மை குறைந்துகொண்டே போகும், புரதமும் இறங்கும். எனக்கு அந்தக் கணக்கு தெரியும். கணக்கு தெரிந்தவனுக்கு வரும் அவசரமும் வந்தது. பெரியவர் இடுப்பு வலியோடு படுத்திருந்தார். ‘இன்னும் வேண்டாம்’ என்றார். நான்தான் மேலே காய்ந்த தோலைப் பார்த்து நம்பி, புல் கட்டும் பேலரையும் பின்னால் வண்டியையும் உன்மேல் இறக்கினேன். கிழக்கு மூலையில் சக்கரம் முழங்கால் ஆழம் இறங்கியது. வெளியே எடுக்க இன்னொரு டிராக்டரைக் கொண்டுவந்தேன், அதுவும் தன் பங்குக்கு உன்னை உழுதது. மாலையில் பார்த்தபோது நீளமாக இரண்டு வாய்க்கால், அவற்றின் கரையில் பிதுங்கி நிற்கும் நீலக் களி. அன்று கட்டிய கட்டுகளில் மண் ஒட்டியிருந்தது. மாடுகள் முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டன.

பள்ளக்காலே, ஈரக் களிமண் பாரத்தில் அமுங்கினால் அதன் துளைகள் மூடிக்கொள்ளும். பிறகு நீரும் இறங்காது, வேரும் இறங்காது. மேல்மண்ணைக் குளிர்காலத்து உறைபனி விரித்துச் சுருக்கிக் கொஞ்சம் ஆற்றிவிடும். ஆழத்துக் காயம் ஆற வருடங்கள் பிடிக்கும். ஐந்து வருடம் கழித்து நான் கிளம்பிய வசந்தத்திலும் அந்த இரண்டு கோட்டில் மட்டும் தண்ணீர் தனியாக நின்றது, புல்லுக்குப் பதில் கோரை வளர்ந்திருந்தது. வண்டியை இறக்கியதற்காகப் பெரியவர் அன்று என்னை ஒரு சொல் திட்டவில்லை. குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து, உன் மண்ணில் ஒரு பிட்டை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத் திரி திரிப்பதுபோல உருட்டிக் காட்டினார். விளக்குத்திரி கனத்துக்கு உடையாமல் நீண்டது. ‘இப்படி நீண்டால் வண்டி வேண்டாம். பொடிந்தால் வா’ என்றார். நீயும் அவரும் சேர்ந்து எனக்குக் கொடுத்த பாடங்களில் மிக மலிவாகக் கிடைத்தது அது. விலையை நீ கொடுத்தாய்.

பள்ளக்காலே, உன் ஈரத்துக்குள் நெருப்பும் இருக்கிறது என்று ஒரு ஆகஸ்ட் இரவில் காட்டினாய். பதம் தப்பிக் கட்டிய புல் கொட்டகைக்குள் போனதும் பூஞ்சையும் நுண்ணுயிரும் வேலையைத் தொடங்கும், சூடு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் உயிர்கள் செத்துப்போனாலும் வேதிவினை தானாக நடக்கும். புல் பழுப்பாகி, கருப்பட்டி காய்ச்சும் வாசனை வரும். கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அது ஆபத்தின் வாசனை. இரும்புக் கம்பியைக் கட்டுகளுக்குள் செருகி வைத்து, எடுத்துத் தொட்டுப் பார்த்தோம். வெப்பமானி 65 டிகிரி காட்டியது. அன்றிரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்தோம். 80-ஐத் தொட்டால் தீயணைப்பு வண்டி வராமல் ஒரு கட்டைக்கூட இழுக்கக் கூடாது, காற்றுப் பட்ட மறுகணம் பற்றிக்கொள்ளும் என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். விடியும்போது சூடு இறங்கத் தொடங்கியிருந்தது. அவரும் நானும் கொட்டகை வாசலில் உட்கார்ந்து காபி குடித்தோம். அவர் தன் வாழ்க்கையைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு இரவில்தான்.

பள்ளக்காலே, இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இது உனக்கு நான் பட்ட கடனிலேயே பெரியது. அதே கொட்டகை இரவில்தான் பெரியவர் பேச்சுவாக்கில் கேட்டார்: ‘உன் அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றாயே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? கெட்டுப்போன புல்லிலிருந்து.’ நான் நம்பவில்லை. அம்மாவுக்குச் சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைத் தின்றுவிட்டது. அறுவை செய்து உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் ஒரு வார்ஃபரின் மாத்திரை. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. முருங்கைக்கீரை என்றால் உயிரை விடுகிற அம்மா, கீரையிலுள்ள வைட்டமின் அந்த மாத்திரையின் வேலையை முறிக்கும் என்பதால் வாரத்துக்கு இத்தனை கைப்பிடி என்று அளந்து சமைக்கிறாள்.

பள்ளக்காலே, பெரியவர் சொன்னதை நான் பிறகு தேடிப் படித்தேன். அத்தனையும் உண்மை. 1920-களில் அமெரிக்காவின் வடக்குப் புல்வெளிகளிலும் கனடாவிலும் மாடுகள் சிறு காயத்துக்கே ரத்தம் நிற்காமல் செத்தன. ஒன்டாரியோவில் கால்நடை நோயியல் அறிஞர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு, ஸ்வீட் கிளோவர் என்ற தீவனப் பயிர் சரியாக உலராமல் பூஞ்சை பிடித்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். நல்ல கிளோவர் தின்ற மாட்டுக்கு ஒன்றும் இல்லை. நனைந்து கெட்டதைத் தின்றதுதான் செத்தது. கெட்டதைக் கொட்டிவிட்டு வேறு தீவனம் வாங்க ஏழை விவசாயிக்கு வழியில்லை. 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன கிளோவர் மூட்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓட்டி மாடிசன் நகருக்கு வந்தார். அவர் தட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர் வேதியியலாளர் கார்ல் பால் லிங்க். லிங்கின் ஆய்வுக்கூடத்துக்கு அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க ஆறு வருடத்துக்கு மேல் ஆனது. கிளோவருக்கு இனிய மணம் தரும் கூமரினைப் பூஞ்சை டைகூமரால் என்ற வேறொன்றாக மாற்றியிருந்தது. அதன் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கு அந்த வகை மாத்திரைக்கு மாற்று இல்லை. புதிதாக வந்த மாத்திரைகள் அவர்களுக்கு ஆகாது.

பள்ளக்காலே, அந்த கிளோவர் உன்மேல் விளைந்ததில்லை. உன் ஈரக்காலுக்கு அது தாங்காது. ஆனால் அதைக் கெடுத்த ஈரமும் உன்மேல் நிற்கும் ஈரமும் ஒன்றுதான். தமிழில் ஈரம் என்ற சொல்லுக்கு இரக்கம் என்றும் பொருள் உண்டு. அறுத்த புல்லை நனைத்து, எத்தனையோ விவசாயிகளின் தொழுவத்தைக் காலி செய்த ஒன்று, கடைசியில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அம்மாவின் ரத்தத்தை ஓடவைக்கிறது. பெரியவரின் தொழுவத்துக்குப் போகும்போதெல்லாம், பூஞ்சை பிடித்துக் கழித்துப் போட்ட கட்டுகளைப் பார்த்து ஒரு கணம் நின்றிருக்கிறேன். கும்பிடத் தோன்றும்.

பள்ளக்காலே, உன் தாமதத்தால் பிழைத்த இன்னொரு கூட்டத்தின் சார்பிலும் நன்றி. மே நடுவில் பாபோலிங்க் பறவைகள் வரும். தெற்கே அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா வரை போய்க் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிற குருவி. போக வர 20,000 கிலோமீட்டர். ஆணுக்கு அடி முழுக்கக் கறுப்பு, முதுகில் வெள்ளை, பின்கழுத்தில் வைக்கோல் நிற மஞ்சள். புல்லின் அடியில், தரையிலேயே கூடு கட்டும். நல்ல வடிகால் உள்ள மேட்டு வயல்களில் மே கடைசியிலும் ஜூனிலும் முதல் அறுப்பு நடக்கும். பால் தரும் மாட்டுக்கு இளம்புல்தான் வேண்டும், விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறுப்பில் முட்டையும் குஞ்சும் போய்விடும். உன் பள்ளத்தாக்கிலேயே வருடக்கணக்காக ஆராய்ந்த வெர்மான்ட் பல்கலைக்கழகத்தார், முதல் அறுப்பை ஜூன் 2-க்குள் முடித்துவிட்டு அடுத்த அறுப்புக்கு 65 நாள் இடைவெளி விட்டால் குருவிகள் மறுபடி கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க நேரம் கிடைக்கும் என்று கண்டார்கள். நீ எந்த ஆராய்ச்சியையும் படிக்கவில்லை. ஜூன் முழுவதும் வண்டியை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டாய். ஜூலை நடுவில் நாங்கள் வரும்போது குஞ்சுகள் பறந்து வேலிக் கம்பியில் உட்கார்ந்திருக்கும். கிடைக்கும் புல் தடித்து முற்றியிருக்கும். கறவை வற்றிய மாட்டுக்கும் கிடாரிக்கும் அது போதும்.

பள்ளக்காலே, மழை தவறிய ஒரு கோடையையும் சொல்லிவிடுகிறேன். மேட்டு வயல்கள் ஜூலையிலேயே பாய்போலப் பழுத்தன. குதிரைமசால் மட்டும் ஆழ வேர் விட்டு நின்றது, டிமோதிப் புல்லின் வளர்ச்சி நின்றுபோனது. உன் முகத்திலும் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியது. ஆனால் உள்ளே நீ ஏப்ரலின் தண்ணீரை வைத்திருந்தாய். ஆளுயரத்துக்கு ரீட் கேனரி புல்லும், அதன் காலடியில் மஞ்சள் பூவோடு ட்ரெஃபாயிலும் கொடுத்தாய். அந்தக் குளிர்காலத்தில் பண்ணைக்கு வெளியிலிருந்து ஒரு கட்டுக்கூட வாங்கவில்லை.

பள்ளக்காலே, உன் அடியில் துளைக் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்துவிடலாம் என்று பலர் வந்து சொன்னார்கள். ஏரிக்கு மேற்கே நியூயார்க் மாநிலத்தில், ஜெனீவா ஊரில் ஜான் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1838-இல் சுட்ட மண் குழாய்களைப் பதித்து, ஈர நிலத்தைப் பொன்னாக்கியவர். அந்த வழி தவறென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதனால் நிமிர்ந்தன. ஆனால் உன் களி காய்ந்தால் வெடிக்கும். போட்ட எருவின் பாஸ்பரஸ் அந்த வெடிப்பு வழியே குழாய்க்குள் இறங்கி நேரே ஏரிக்குப் போகும். ஏற்கெனவே கோடைதோறும் நீலப்பச்சைப் பாசி படர்ந்து சில இடங்களில் குளிக்கத் தடை போடும் ஏரி அது. பெரியவர் கடைசிவரை உன்னைத் தொடவிடவில்லை. 2023 ஜூலையில் பெருவெள்ளம் வந்து ஆற்றோர வயல்களின் புல்லெல்லாம் வண்டல் பூசிக் கிடந்தபோது, உன்னைக் காட்டி, ‘இவனுக்குத் தண்ணீர் புதுசில்லை’ என்றார். அதற்கடுத்த குளிர்காலத்தில் அவர் போனார்.

பள்ளக்காலே, உன்னை இப்போது வேறொருவர் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவருக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், இதை அவர் என்றாவது படிக்கக் கூடும். ஐயா, கிழக்கு மூலையில் கோரை வளர்ந்த இரண்டு கோடு இருக்கும். அது என்னால் வந்தது, அந்த இடத்தைச் சுற்றிப் போங்கள். ஜூலை நடு வரும்வரை பொறுங்கள். பிறகும், மேலே காய்ந்திருப்பதை நம்பாமல் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். திரி பொடிந்தால் மட்டும் வண்டியை இறக்குங்கள்.